ஆறே முக்கால் மணி வேர்

இன்னும் ஒரு தோள்கூட நிமிரவில்லை. ஒன்பதரைக்குப் பரீட்சை தொடங்கியது, வெங்காய வேரின் நுனிக்குச் சாயம் ஏற்றிக் கண்ணாடியில் வைத்து நசுக்கப் பிள்ளைகளுக்கு அரை மணி நேரம் ஆனது, பத்து மணிக்கு இருபத்திரண்டு பேரும் மைக்ராஸ்கோப்பில் குனிந்தார்கள், இப்போது பத்து பதினைந்து. நான் பின்சுவர் ஓரமாக, அலமாரிக்குப் பக்கத்தில், அட்டெண்டர் நிற்க வேண்டிய இடத்தில் துடைக்கிற துணியோடு நின்று அவர்கள் முதுகையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். வேரின் நுனியில்தான் செடி வளர்கிறது, அங்கேதான் ஒரு செல் இரண்டாகப் பிரிகிறது, அந்தப் பிரிவைப் பிடித்துக் காட்டினால் பதினைந்து மதிப்பெண், காட்டாவிட்டால் சுழி. பிரிகிற செல் கிடைத்துவிட்டால் பிள்ளைகளின் தோள் தானாக நிமிரும். முதலில் இடது தோள், அப்புறம் கழுத்து, அப்புறம் பக்கத்தில் இருப்பவளைப் பார்த்து ஒரு சிரிப்பு. பத்தொன்பது வருஷமாக இந்தத் தாவரவியல் ஆய்வகத்தில் நான் படித்த படிப்பு இதுதான். நானும் ஒருமுறை யாரும் இல்லாதபோது குனிந்து பார்த்திருக்கிறேன். ரோஜா நிறத்தில் கட்டம் கட்டமாகத் தெரிந்தது, எது பிரிகிறது எது தூங்குகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. எனக்கு மைக்ராஸ்கோப் என்பது பிள்ளைகளின் தோள்தான். நல்ல வேராக இருந்தால் பத்து நிமிஷத்தில் நான்கைந்து தோளாவது நிமிர்ந்துவிடும், பத்தும் தாண்டிப் பதினைந்து ஆகிவிட்டது. 

போன வருஷமும் இப்படித்தான் நின்றேன். அன்றைக்கு ஒரு மணி நேரம் போயும் ஒரு தோளும் நிமிரவில்லை, வெளியூரிலிருந்து பரீட்சை நடத்த வந்தவர் போகும்போது வேர் சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் துறைத் தலைவர் சிதம்பரநாதன் சார் அத்தனை பேர் முன்னாலும் என்னைப் பார்த்து, தண்ணி மாத்தியிருக்க மாட்டே என்றார். நான் மாற்றினேன். காலையும் மாலையும் மாற்றினேன், ஞாயிற்றுக்கிழமைகூட வந்து மாற்றினேன், வெங்காயத்தின் அடி மட்டும் நனைகிற மாதிரி, உடம்பு நனையாத மாதிரி, டம்ளரின் வாயில் உட்காரவைத்து மாற்றினேன். குற்றம் தண்ணீரில் இல்லை, நேரத்தில். உச்சி வேளையில் அறுத்ததுதான் தப்பு. அவர் கண் முன்னால் அறுக்க வேண்டும் என்பதற்காகப் பன்னிரண்டு மணிக்கு அறுக்க வைத்தார். சித்திரை மாதத்துப் பன்னிரண்டு மணிக்கு டம்ளர் தண்ணீர் குளிக்கிற வெந்நீர் மாதிரி இருக்கும், மனிதர்களே சுருண்டு படுக்கிற நேரத்தில் வேர் மட்டும் வேலை செய்யுமா? விடியற்காலையில் அறுத்த வருஷமெல்லாம் தோள்கள் நிமிர்ந்தன, மதியம் அறுத்த வருஷமெல்லாம் கவிழ்ந்தன. இதற்கு எந்தப் புத்தகமும் வேண்டாம், பத்தொன்பது வருஷம் சுவரோரம் நின்றால் போதும். நான் இதை அவரிடம் சொல்லாமல் இல்லை. சொன்னேன். டீ டம்ளரை வைக்கும்போது, காலையிலேயே அறுத்துடலாமா சார், வெயிலுக்கு முன்னாடி, என்று மெதுவாகத்தான் கேட்டேன். அவர் சிரித்தார். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன், சிரித்தார். ஏம்மா பூங்கோதை, உனக்கும் ஒரு டாக்டர் பட்டம் வாங்கிக் கொடுத்துடலாமா என்றார். இந்த வருஷமும் பன்னிரண்டுக்குத்தான், திங்கட்கிழமை மீட்டிங் முடிந்ததும் நானே வந்து நிற்பேன் என்றார். நில்லுங்கள் சார், தாராளமாக நில்லுங்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

நேற்று திங்கட்கிழமை நான் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தேன். வாட்ச்மேன் கதவைத் திறந்து என்னக்கா இந்நேரத்துக்கு என்றான், வேலை இருக்கு என்றேன். மணி ஆறே முக்கால். ஜன்னல் வழியாகக் காவிரிப் பக்கத்துக் காற்று வந்தது, டம்ளர் தண்ணீர் தொட்டால் சில்லென்று இருந்தது. ஒவ்வொரு வெங்காயத்தையும் தூக்கினேன், வேர்கள் வெள்ளை வெளேரென்று இரண்டு விரற்கடை நீளத்துக்குத் தொங்கின, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. ஒவ்வொன்றிலும் பாதி வேரை மட்டும் பிளேடால் அறுத்து, பிரிகிற செல்லை அந்த நேரத்திலேயே நிறுத்தி வைக்கிற மருந்து ஊற்றிய புட்டியில் போட்டேன், மீதிப் பாதியைச் சாருக்காக விட்டேன். பன்னிரண்டு மணிக்குச் சார் வந்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அறு என்றார், அறுத்தேன். அந்தப் புட்டியில் அவர் சிவப்பு மையில் தேதியும் நேரமும் எழுதி ஒட்டினார். பழுப்பு நிறத்தில் இரண்டு புட்டி, இரண்டும் ஒரே அளவு. என் புட்டியின் கழுத்தில் வெள்ளை நூல் கட்டினேன். இன்று காலை பிள்ளைகளின் மேஜையில் நான் பங்கு வைத்தது நூல் கட்டிய புட்டியிலிருந்துதான். சிவப்பு எழுத்துப் புட்டி என் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் மூடியபடி இருக்கிறது. இது என்னைத் தவிர இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது. தோள் நிமிர்ந்தால் யாருக்கும் தெரியவும் தேவையில்லை. நிமிராவிட்டால் சார் புட்டியைத் தேடுவார், சொல் மீறினாய் என்று மெமோ வரும், மெமோவைக்கூட மடித்து வைத்துக்கொள்ளலாம், ஆனால் நேரத்தைப் பற்றி நான் நினைத்ததெல்லாம் பொய் என்று ஆகிவிடும், இந்த இருபத்திரண்டு பிள்ளைகளும் என் திமிரால் மதிப்பெண் இழப்பார்கள். மணி பத்து இருபது.

திமிர்தான். என் வீட்டுக்காரர் அப்படித்தான் சொல்வார். மினி பஸ் ஓட்டுகிறவர், யாராவது குறுக்கே வந்தால் போடா வெங்காயம் என்பார், வீட்டில் என்னோடு சண்டை வந்தாலும் நீ என்ன பெரிய வெங்காயமா என்பார். ஆமாம், பெரிய வெங்காயம்தான் என்பேன். உரிக்க உரிக்க ஒன்றுமில்லை என்று சொல்கிறார்களே, சொல்கிறவர்கள் யாரும் அடியைப் பார்த்ததில்லை. உரிப்பதெல்லாம் இலை. நாம் குழம்பில் போட்டுச் சாப்பிடுவது இலையின் அடிப்பாகம், சோறு சேர்த்து வைத்துத் தடித்துப்போன இலை. அத்தனை இலையையும் தாங்கிக்கொண்டு அடியில் ஒரு வட்டு இருக்கிறது, ஒரு ரூபாய்க் காசு அகலம், அதுதான் தண்டு. மற்ற செடியெல்லாம் தண்டை வானத்துக்கு நீட்டிக் காட்டும், இது அமுக்கி அடியில் வைத்துக்கொள்ளும். அந்த வட்டின் விளிம்பைச் சுற்றித்தான் வேர் வரும். ஆணி வேர் கிடையாது, கிளை அதிகம் கிடையாது, நூல் நூலாக மேல் மண்ணிலேயே பரவும், களை கொத்துகிறவள் கொஞ்சம் ஆழமாகக் கொத்தினால் போச்சு. எங்கள் அண்ணன் துறையூர்ப் பக்கம் சின்ன வெங்காயம் போடுகிறான், எனக்கு அந்தக் காட்டு வேலை ஒரு நாளும் பிடித்ததில்லை, முதுகு வலியைத் தவிர அதில் எனக்கு நினைவு ஒன்றுமில்லை, ஆனால் கொத்து எவ்வளவு இறங்கலாம் என்று என் கைக்குத் தெரியும், அந்தக் கைதான் இங்கே சோறு போடுகிறது. தண்ணீரில் வைக்கும் முன்னால் வட்டில் ஒட்டியிருக்கும் பழைய காய்ந்த வேரைச் சுரண்ட வேண்டும். சுரண்டத்தான் வேண்டும், சீவக் கூடாது. இரண்டு வருஷத்துக்கு முன் வந்த ஒரு கௌரவ விரிவுரையாளர், கெட்டிக்காரர், சுத்தமாக இருக்கட்டும் என்று இருபது வெங்காயத்துக்கும் அடியைத் தகடாகச் சீவிவிட்டார். மூன்று நாள் கழித்துப் பார்த்தால் தண்ணீர் நாறியதுதான் மிச்சம். தண்டையே வெட்டிப் போட்டுவிட்டு வேருக்குக் காத்திருந்தார். அவருக்கு உரிக்கத் தெரியும், அடி தெரியாது.

பூண்டு வேறு மாதிரி. பூண்டில் இலையெல்லாம் காய்ந்து காகிதமாகிவிடும், நாம் தின்பது மொட்டு. ஒவ்வொரு பல்லும் ஒரு மொட்டு, ஒவ்வொன்றுக்கும் தனித் தோல், தனி அடி, எந்தப் பல்லை ஊன்றினாலும் அது தனிக் குடித்தனம் போய்விடும். வெங்காயம் கூட்டுக் குடும்பம், பூண்டு ஒரே வீட்டில் பன்னிரண்டு அடுப்பு. ஒருமுறை ஊட்டிக்குப் போன சார் லீக்ஸ் என்று ஒன்றை வாங்கி வந்தார், வெள்ளைத் தடி மாதிரி இருந்தது, பிள்ளைகள் எல்லாரும் தண்டு என்றார்கள், அறுத்துப் பார்த்தால் அதுவும் இலைதான், ஒன்றுக்குள் ஒன்று சுருட்டிய இலை, அடியில் அதே வட்டு, அதே நூல் வேர். மருந்தில் போட்டது போக மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பொரியல் செய்தேன். என் வீட்டுக்காரர் தின்று பார்த்து, வெங்காயம் ஆகப் பயந்துக்கிட்டு நின்னுடுச்சு போல என்றார். அன்றைக்கு மட்டும் அந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒன்றில் இலையைத் தின்கிறோம், ஒன்றில் மொட்டை, வெங்காயத் தாளைத் தின்கிறோம், பூத்தண்டைக்கூடச் சிலர் வதக்கித் தின்கிறார்கள், வேரை மட்டும் யாரும் தின்பதில்லை. எல்லா வீட்டிலும் முதலில் அறுத்து எறிவது அதைத்தான். அந்த எறிகிற பாகம்தான் என் பங்கு. இந்தக் கல்லூரியில் படித்து வெளியே போன நானூறு பேராவது உயிர் எப்படி ஒன்று இரண்டாகிறது என்று பார்த்தது நான் வளர்த்த வேரில். எனக்கு இதில் பெருமை உண்டு. ஏன் இருக்கக் கூடாது? பத்து இருபத்தைந்து, பிள்ளைகளே, யாராவது ஒருவர் நிமிருங்களேன்.

நூல் கட்டினேன் அல்லவா? கட்டினேன். எப்போது கட்டினேன்? காலையில் அறுத்து முடித்ததும் கட்டினேனா, சார் போன பிறகு கட்டினேனா? சார் போன பிறகு என்றால் இரண்டு புட்டியும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்திருக்கும். ஆனால் சார் எழுதி ஒட்டியது அப்போதே ஒட்டியதுதானே, எழுத்து இருக்கிற புட்டி அவருடையது, எழுத்து இல்லாதது என்னுடையது, இதில் குழம்ப என்ன இருக்கிறது. இல்லை, சாயங்காலம் மருந்தை வடித்துச் சுத்தமான புட்டிக்கு மாற்றினேனே. அப்போது எந்த வேரை எந்தப் புட்டியில் போட்டேன்? என் கை தப்புச் செய்யாது. போன மாதம் அடுப்பை அணைக்காமல் வந்துவிட்டேன் என்று பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி ஓடினேன், போய்ப் பார்த்தால் அணைத்துத்தான் இருந்தது, கை செய்துவிடுகிறது, மனசுக்குத்தான் சொல்லாமல் விடுகிறது. மாற்றவில்லை, நான் மாற்றவே இல்லை, மாற்றியது போன வருஷம், இந்த வருஷம் அப்படியே வைத்தேன். அப்படியே வைத்தேனா? அலமாரியைத் திறந்து அந்தச் சிவப்பு எழுத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் மனசு அடங்கும், ஆனால் பரீட்சை நடக்கும்போது அலமாரிக் கதவு கிறீச்சிட்டால் சார் திரும்புவார். அவர் ஜன்னலோரம் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார், புதுச் சட்டை. இந்த வருஷம் பரீட்சை நடத்த வெளியூரிலிருந்து வந்திருக்கும் ஜெசிந்தா மேடம் உட்காரவே இல்லை. வந்ததிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் மட்டும் குடித்தார், நான் நீட்டிய முந்திரி பிஸ்கட்டை வேண்டாம் என்றார். இரண்டாவது மேஜைப் பையன் தலை தூக்கினான் என்று நெஞ்சு துள்ளியது, பார்த்தால் மேடம் கேட்ட கேள்விக்குத் தூக்கியிருக்கிறான். வெங்காயத்தில் நாம் சாப்பிடுவது எந்தப் பாகம் என்று கேட்கிறார். அவன் யோசித்து, வேர் மேடம் என்கிறான். அடப்பாவி. மண்ணுக்குள் இருப்பதெல்லாம் வேர் என்று எவன் சொன்னான் உனக்கு? என் நாக்கு நுனியில் பதில் நிற்கிறது. வெளியாள் முன்னால் அட்டெண்டர் வாய் திறக்கக் கூடாது என்பது சாரின் சட்டம், அவர் எழுதி ஒட்டவில்லை, ஒட்டாமலே எல்லாருக்கும் தெரியும். நான் துணியை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன். பையன் தன் தாளைப் பார்த்துத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். மேடம் நகர்ந்தார்.

அவர் கார்குழலியிடம் போகிறார். மூன்றாவது மேஜை, ஜன்னல் பக்கம். அந்தப் பெண் காலையில் வந்ததும் என்னிடம், அக்கா வேர் நல்லா இருக்கா என்று கேட்டாள், நான் போய் ஒழுங்கா நசுக்கு என்றேன், எரிந்து விழுந்துவிட்டேன் பாவம். அவள் முதுகு வில்லாக வளைந்து கிடக்கிறது. அவளுக்கே கிடைக்கவில்லை என்றால் யாருக்கும் கிடைக்கவில்லை என்று அர்த்தம், வகுப்பில் அவள் கைதான் சுத்தமான கை. மேடம் அவளை நகரச் சொல்லிவிட்டுத் தானே குனிகிறார். கார்குழலி நகர்ந்தபோதுதான் மேஜை எனக்குத் தெரிந்தது. தாள் முழுக்கப் படம். வட்டம் வட்டமாக, பென்சிலால், பக்கத்தில் அம்புக்குறி போட்டு. ஐந்து படம். அவள் மைக்ராஸ்கோப்பில் குனிந்திருக்கவில்லை, படம் வரைந்துகொண்டிருந்திருக்கிறாள். எல்லாரும். பின்னாலிருந்து பார்த்தால் கண்ணாடியில் குனிந்த முதுகும் தாளில் குனிந்த முதுகும் ஒன்று போலத்தான் இருக்கும், அட மடச்சி, பத்தொன்பது வருஷம் படித்தேன் என்றாயே. நிமிர நேரமில்லாத அளவுக்கு அவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. அழக் கூடாது, வெங்காயம் உரித்தே அழாதவள் நான். மேடம் குனிந்தவர் எழுந்திருக்கவில்லை. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். விரலால் குமிழைத் திருகிக்கொண்டே, எண்ணலாம் போல இருக்கே என்று தனக்குத்தானே சொல்கிறார். பதினாறு குரோமோசோம், பதினாறும் தனித்தனியா நிக்குது. அடுத்த மேஜைக்குப் போய்க் குனிகிறார். அதற்கடுத்ததிலும். வேர் என்று சொன்ன பையனின் கண்ணாடியிலும் குனிந்து, இவனுக்கே இவ்வளவு கிடைச்சிருக்கா என்று சிரித்துவிட்டார். ஆய்வகம் முழுக்கத் தோள்கள் ஒரே நேரத்தில் இறங்கி இளகின. இந்த ஒரு காட்சிக்காக இன்னும் பத்தொன்பது வருஷம் சுவரோரம் நிற்கலாம்.

மேடம் சார் பக்கம் திரும்பினார். வேர் ரொம்ப நல்லா வந்திருக்கு சார், எத்தனை மணிக்கு வெட்டினீங்க என்று கேட்டார். சார் நாற்காலியிலிருந்து எழுந்தார். புதுச் சட்டையின் மடிப்புக்கூடக் கலையவில்லை. பன்னெண்டு மணிக்கு மேடம், என் நேரடிப் பார்வையில என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மேடம் தலையை ஆட்டினார், செய்முறையில் யாருமே நேரம் எழுதவில்லை, அது முக்கியம், எழுதுங்கள் என்றார். இருபத்திரண்டு பேனாவும் குனிந்தன. எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். வேரை எடுத்துக்கொள்ளட்டும், பெயரை எடுத்துக்கொள்ளட்டும், மாலையும் போட்டுக்கொள்ளட்டும், எனக்கு மெமோ இல்லை, பிள்ளைகளுக்கு மதிப்பெண் வந்துவிட்டது, வாயை மூடிக்கொண்டு நின்றால் சாயங்காலம் பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் பன்னிரண்டு என்று எழுதுகிறார்கள். கார்குழலி எழுதுகிறாள். நாளைக்கு இவள் டீச்சராகி இன்னொரு ஊரில் இன்னொரு வகுப்பில் பன்னிரண்டு என்று சொல்லிக் கொடுப்பாள், அங்கே இன்னொரு அட்டெண்டர் தண்ணீரை ஒழுங்காக மாற்றிவிட்டு, மாற்றவில்லை என்று ஏச்சு வாங்குவாள். என்னை எதில் வேண்டுமானாலும் மறைத்துக்கொள்ளுங்கள். நேரத்தைத் தப்பாக எழுதாதீர்கள். என் கால் சுவரை விட்டு ஒரு அடி முன்னால் வந்திருந்ததை நான் பிறகுதான் கவனித்தேன்.

"பன்னெண்டு இல்லைங்க மேடம்," என்றேன். "காலைல ஆறே முக்கால்."

பேனாக்கள் நின்றன. சார் திரும்பினார். அவர் முகத்தைப் பார்க்காமல் மேடத்தின் முகத்தைப் பார்த்தே மீதியையும் சொன்னேன். "பன்னெண்டு மணிக்கு சார் வெட்டச் சொன்னது அலமாரியில இருக்கு. பிள்ளைங்களுக்கு வச்சது நான் காலைல வெட்டினது." அலமாரியைத் திறந்து, கிறீச்சென்று திறந்து, சிவப்பு எழுத்துப் புட்டியை எடுத்து மேஜையில் வைத்தேன், அவர் கையெழுத்து, அவர் தேதி, நுனி குறையாமல் அத்தனை வேரும் உள்ளே. மேடம் புட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார், சாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் பெயரைக் கேட்கவில்லை. பிள்ளைகள் பக்கம் திரும்பி, பன்னெண்டை அடிச்சிட்டு ஆறே முக்கால்னு எழுதுங்க என்று மட்டும் சொன்னார். இருபத்திரண்டு கோடு கிழிகிற சத்தம் சின்னதாகக் கேட்டது. சார் என் பக்கத்தில் வந்து, வெளியாளுக்குக் கேட்காத குரலில், உனக்கு மெமோ ரெடி பண்றேன் என்றார். சரிங்க சார் என்றேன். பயமாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் மெமோ என்றால் குற்றத்தை எழுத வேண்டும், என்றைக்கு, எத்தனை மணிக்கு, என்ன செய்தாள் என்று எழுத வேண்டும். அனுமதியில்லாமல் வேரை அறுத்தது காலை ஆறே முக்கால் மணிக்கு என்று சிதம்பரநாதன் சார் தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தாக வேண்டும்.